பனியும் புழுக்கமும்: ஆனைமலை அடிவாரத்திலிருந்து ஓர் ஈர வரலாறு

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பழந்தமிழர், அவற்றுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே வைத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தமிழ் இலக்கிய வகுப்பறைகளில் இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த நூற்பாவிற்குப் போய்விடுவது நம் வழக்கம். இரவின் முற்பகுதியில் பனி இறங்கினால் முன்பனி, பிற்பகுதியில் இறங்கினால் பின்பனி என்று பொருள் சொல்வதோடு கடமை முடிந்துவிடுகிறது. ஏன் ஒரு பருவத்தில் பனி மாலையிலேயே இறங்கத் தொடங்குகிறது, ஏன் மற்றொன்றில் விடியும்வரை காத்திருக்கிறது என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. நாமும் நெடுநாள் கேட்டுக்கொண்டதில்லை.

ஆனைமலை அடிவாரத்தில் சில ஆண்டுகள் பனிக்காலத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு அக்கேள்வி தானாகவே எழும். மார்கழியில் ஆழியாற்றுப் பாசனத்து நெல்வயல்களின் வரப்பில் பொழுது சாய்ந்து சில நாழிகை கழித்து நடந்தாலே கணுக்கால் நனைந்துவிடும். மாசி பிறந்துவிட்டால் நள்ளிரவுவரை புல் உலர்ந்தே கிடக்கும். கோழி கூவும் நேரத்தில்தான் ஈரம் தட்டுப்படும். இந்த வேறுபாட்டிற்கு இன்றைய அறிவியல் தரும் விடை ஒரே சொல்லில் அடங்கும்: பனிநிலை. புழுக்கம் என்று நாம் அன்றாடம் அலுத்துக்கொள்வதன் விளக்கமும் அதே சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அச்சொல் உருவாகி வந்த வரலாறும், அது கொங்கு நாட்டின் தேயிலைத் தோட்டங்களிலும் பஞ்சாலைகளிலும் மனிதர் உடலோடு மோதிய வரலாறும் அவ்வளவு எளியவை அல்ல.

பனி விழுவதில்லை

'பனி பெய்கிறது', 'பனி விழுகிறது' என்று நாம் சொல்கிறோம். உலகின் பல மொழிகளும் அப்படித்தான் சொல்கின்றன. மழையைப் போலவே பனித்துளியும் மேலிருந்து இறங்குகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நிலத்திலிருந்து அது மேலெழுகிறது என்று வாதிட்டோரும் உண்டு. இவ்வழக்கைப் பெருமளவுக்குத் தீர்த்துவைத்தவர் லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். அவர் கையாண்ட கருவி மிக எளியது: கம்பளி உரோமத்தின் சிறு கற்றைகள். எடை பார்த்த கற்றைகளை இரவில் திறந்த வெளியிலும், பலகைக்கு அடியிலும், மறைப்புகளின் பக்கத்திலும் வைத்து, பின்னர் மீண்டும் எடை பார்த்தார். வானம் தெரியும்படி வைத்த கற்றையே அதிக ஈரம் கொண்டது. தெளிந்த இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அந்தக் குளிர்ப் பரப்பைத் தொட்ட காற்றிலிருந்து நீராவி துளியாகப் படிகிறது. 1814இல் வெளிவந்த அவரது நூலின் சாரம் இதுதான். மேகம் மூடிய இரவில் பனி குறைவதற்கும், மரத்தடிப் புல் நனையாமல் இருப்பதற்கும் அதிலேயே காரணம் கிடைத்தது.

வெல்சுக்கு முன்பே, 1751இல், பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரத்து மருத்துவரான லெ ரோய், காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அதிலுள்ள நீர் பிரியத் தொடங்குகிறது என்று கண்டிருந்தார். ஜான் டால்டன் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை மேலும் துல்லியமாக்கினார். கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த ஊற்றுநீரை ஊற்றி, வெளிப்புறத்தில் ஈரம் பூக்கிறதா என்று பார்ப்பது அவர் முறை. ஈரம் பூக்கத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. அது தெரிந்துவிட்டால் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நம் வீட்டுச் செம்பில் பனிக்கட்டி நீரை ஊற்றி எவரும் இதைச் செய்து பார்க்கலாம். மண்பானைத் தண்ணீர் இதற்கு உதவாது. பானையின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி ஒருநாளும் பனிநிலைக்குக் கீழே இறங்காது.

இதற்கிடையில் மற்றொரு வழியில் மற்றொரு கருவி பிறந்திருந்தது. ஜெனிவாவைச் சேர்ந்த சொசூர் 1783இல் வெளியிட்ட நூலில் மனிதத் தலைமுடியால் ஆன ஈரமானியை விவரித்தார். ஈரக் காற்றில் முடி நீளும், உலர் காற்றில் சுருங்கும். ஆனால் முடி காட்டுவது காற்றில் உள்ள நீராவியின் அளவை அன்று. அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. அதாவது ஒப்பு ஈரப்பதம். ஒரே காற்றை அளக்க இவ்வாறு இரண்டு கணக்குகள் உண்டாயின. அவற்றுள் எது யாருக்கு உரியது என்பதில் ஏற்பட்ட குழப்பம் இன்றும் தீர்ந்தபாடில்லை.

விழுக்காடு சொல்லாத செய்தி

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 20 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் வெளி ஏறத்தாழ 17 கிராம் நீராவியைக் கொள்ளும். 30 பாகையில் அது 30 கிராம். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு விடியற்காலை 22 பாகையும் 90 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்காற்றின் பனிநிலை 20 பாகையை ஒட்டியிருக்கும். பகலில் வெயில் ஏறி 35 பாகை ஆகிறது; நீராவி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் ஒப்பு ஈரப்பதம் 42 விழுக்காடாக இறங்கிவிடும். பனிநிலையோ அதே 20 பாகையில் நிற்கும். காலை 90, மாலை 42 என்று படிக்கும் ஒருவர், காற்று பாதிக்குமேல் உலர்ந்துவிட்டது என்றே நினைப்பார். உண்மையில் அதிலிருந்து ஒரு துளி நீரும் போகவில்லை. நீரைக் கொள்ளும் கலம்தான் பெரிதாகியிருக்கிறது.

இனிச் சென்னையில் ஒரு மே மாதப் பிற்பகல்: 37 பாகை வெப்பம், 26 பாகைப் பனிநிலை. ஒப்பு ஈரப்பதம் 53 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வால்பாறையில் ஆடி மாதக் காலை ஒன்று: 17 பாகை, ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்குகிறது. அங்கே தீப்பெட்டி நமுத்துப்போகும், துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராது, அப்பளம் துவண்டுவிடும். ஆனால் மனிதருக்குப் புழுக்கம் இல்லை, நடுக்கம்தான். விழுக்காட்டைப் பார்த்தால் வால்பாறையே ஈரமான ஊர். உடலைக் கேட்டால் சென்னையே ஈரமான ஊர். இரண்டும் பொய்யில்லை. பொருள்கள் அறிவது ஒப்பு ஈரப்பதத்தை. மனித உடல் அறிவது பனிநிலையை.

இதன் காரணம் வியர்வையில் இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆனால் அது ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டினால் பயனில்லை. வெக்கையில் நம் தோல் 35 பாகையை ஒட்டிய சூட்டில் இருக்கிறது. அச்சூட்டில் ஈரத் தோலின் நீராவி அழுத்தம் 56 மில்லிபார். பனிநிலை 20 பாகையாக உள்ள காற்றில் அது சுமார் 23. இடையிலுள்ள 33 மில்லிபார் இடைவெளியே வியர்வையை இழுக்கும் விசை. பனிநிலை 26 பாகையானால் இடைவெளி 22 ஆகச் சுருங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு விசை போய்விட்டது. 'புழுங்குதல்' என்ற வினைக்கு ஆவியில் வேகுதல் என்றே பொருள். புழுங்கல் அரிசி என்ற வழக்கில் அது இன்றும் வாழ்கிறது. தன் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றித் தன் ஆவியிலேயே தான் வேகும் நிலையைக் குறிக்க இதைவிடத் துல்லியமான சொல் வேறு மொழிகளில் இருக்கிறதா என்பது ஐயமே.

இப்போது முன்பனிக்கும் பின்பனிக்கும் திரும்பலாம். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும் மார்கழியில் மண்ணும் காற்றும் ஈரம் சுமந்திருக்கின்றன. பனிநிலை உயரமாக இருக்கிறது. பொழுது சாய்ந்து புல் சிறிது குளிர்ந்தவுடனேயே அந்நிலையைத் தொட்டுவிடுகிறது. மாசி பங்குனியில் காற்று உலர்ந்துவிட்டது. பனிநிலை கீழே இறங்கிவிட்டது. இரவு முழுவதும் குளிர்ந்தால்தான் புல் அதை எட்டும். தொல்காப்பியம் முன்பனியைக் குறிஞ்சிக்கும், பின்பனியைப் பாலைக்கும் உரியதாக்கியிருப்பதை இவ்வெளிச்சத்தில் படித்தால் அது வெறும் மரபாகத் தோன்றவில்லை. வறண்ட நிலத்திற்கு வறண்ட பனி. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் மழை முடிந்தபின் கொண்டைக்கடலை விதைத்துப் பனியை நம்பி விளைவித்த உழவர், எந்தக் கருவியும் இன்றி இக்கணக்கை அறிந்திருந்தவர்களே.

மலையில் வரைந்த கோடு

நீலகிரிக்கும் ஆனைமலைத் தொடருக்கும் இடையே 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காலத்தில் கடல்காற்று இவ்வழியாகக் கொங்கு நாட்டிற்குள் புகுகிறது. ஆனி ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் வீசும் காற்றில் ஈரம் உண்டு, ஆனாலும் புழுக்கம் இல்லை. காற்று ஓயாமல் வீசுவதால் தோலையொட்டிய ஈரப்படலம் அகற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதே ஊரில் காற்று நின்றுபோகும் சித்திரை வைகாசி நாளில், நீர் பாய்ச்சிய தென்னந்தோப்புக்குள் போனால் மூச்சு முட்டும். நிழல் இருக்கிறது, காற்றில்லை. நிலமும் மட்டைகளும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கின்றன.

கணவாய்க்குள் புகாத காற்று மலைமீது ஏற வேண்டியிருக்கிறது. ஏறும் காற்று ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 பாகை குளிர்கிறது. பனிநிலையோ 2 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் உயரத்தில் மேகம் பிறக்கிறது. அடிவாரத்தில் 30 பாகை வெப்பமும் 22 பாகைப் பனிநிலையும் இருந்தால் ஏறத்தாழ 1000 மீட்டர் மேலே அச்சந்திப்பு நிகழும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குச் செல்வோர் ஓரிடத்தில் சட்டென மேகத்துக்குள் நுழைகிறார்களே, அதுவே அன்றைய பனிநிலை மலைமீது வரைந்திருக்கும் கோடு. மேற்கு முகத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்றாக இருக்க, அதே மலையின் கிழக்கு அடிவாரம் மழைமறைவாகிக் கிடப்பதும் இக்கணக்கின் விளைவே.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலைகளில் பெருந்தோட்டங்கள் பரவின. காப்பியில் தொடங்கிய தோட்டங்களில் பின்னர் தேயிலை மேலோங்கியது. தேயிலைத் தொழிற்சாலை ஈரத்தை அளக்காமல் ஒருநாளும் ஓடாது. பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதை வாட்டும் தொட்டிகளில் காற்றைச் செலுத்தும்போது உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தே அக்காற்றைச் சூடேற்ற வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். பருவமழையில் அவ்வேறுபாடு மிகச் சுருங்கிவிடும். அக்காற்றில் இலை வாடாது. ஆனால் அதே கட்டடத்தில் அரைத்த இலை புளிக்கும் அறையில் காற்று நன்கு ஈரமாக இருந்தாக வேண்டும். ஒரு கூரையின் கீழ் இரண்டு பருவங்கள். இவையனைத்தும் இலையின் தேவைகள். அட்டை கடிக்க, மேகத்தில் நனைந்துகொண்டே கொழுந்து பறித்த பெண்களின் உடல் எந்தக் கருவியின் கணக்கிலும் வரவில்லை.

நூலுக்கு உகந்த காற்று

சமவெளியில் கதை தலைகீழாக நடந்தது. கோயம்புத்தூரின் உலர்ந்த காற்றே அதன் முதல் தொழில்களுள் ஒன்றை ஈர்த்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861இல் இங்கு நிறுவிய காப்பிக்கொட்டை பதப்படுத்தும் நிலையம், ஈர மலையில் விளைந்ததை வெயில்காயும் சமவெளியில் உலர்த்தும் ஏற்பாடு. அவரே 1888இல் தொடங்கிய நூற்பு நெசவு ஆலையோடு கோவையின் ஆலை வரலாறு தொடங்குகிறது. காப்பிக்கு நன்மை செய்த அதே உலர் காற்று பஞ்சுக்குப் பகையாயிற்று.

பஞ்சு ஈரம் பருகும் பொருள். 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் அது தன் உலர் எடையில் 7 முதல் 8 விழுக்காடு நீரை ஏற்றுக்கொள்கிறது. ஈரமானால் வலுக்கூடும் அரிய இழைகளுள் அது ஒன்று. உலர்ந்துவிட்டாலோ மின்னூட்டம் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளும்; நூல் அறுபடும்; தூசி பறக்கும். கைத்தறியாளர் இதைத் தம் வழியில் அறிந்திருந்தனர். நெகமம் பக்கத்துக் குழித்தறியில் நெசவாளர் கால் வைக்கும் குழி, மிதிக்கு இடம் தருவதோடு மண்ணின் ஈரத்தையும் பாவுக்குத் தருகிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் வேலை வெயில் ஏறுமுன் நடப்பதும் அதனாலேயே. அங்கே நூலும் மனிதரும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொண்டனர். வெயில் கடுமையானால் தறியை நிறுத்தவும் முடிந்தது.

ஆலையில் அது முடியவில்லை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை மாவட்டத்தில் ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழன்று வெப்பத்தை உமிழும் கூடத்தில், நூல் அறுபடாமலிருக்கக் காற்றில் நீர் தெளிக்கப்பட்டது. கூடத்தின் வெப்பம் 35 பாகையாக இருக்கையில் 60 விழுக்காடு ஈரப்பதம் வைத்தால், பனிநிலை 26 பாகைக்கு மேல் போய்விடுகிறது. வெளியே உலர்ந்த கொங்கு வெயில். உள்ளே ஒரு செயற்கைக் கடற்கரை. சன்னலைத் திறந்தால் நூல் அறும் என்பதால் சன்னலும் திறக்கப்படாது. நூலுக்கு உகந்த காற்று மனிதருக்கு உகந்ததாக இல்லை என்பதை மில்லிலிருந்து வீடு திரும்பியவரின் நனைந்த சட்டையே சொல்லிற்று.

இம்முரண்பாடு இங்கே புதிதாகத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக் கூடங்களில் நீராவி செலுத்துவதை எதிர்த்துத் தொழிலாளர் போராடியதன் தொடர்ச்சியாக 1889இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஈரத்தின் உச்சவரம்பை அட்டவணையாக அது விதித்தது. பின்னர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியலாளர், வெப்பமான சுரங்கங்களிலும் ஆய்வறையிலும் தம் உடலையே சோதனைக்குட்படுத்தி, 1905இல் ஒரு முடிவை வெளியிட்டார். மனிதர் தாங்கும் எல்லையைத் தீர்மானிப்பது வெப்பமானி காட்டும் சூடு அன்று, ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் சூடே. அது காற்றோட்டமில்லா இடத்தில் 31 பாகையைத் தாண்டினால், வேலை செய்யாமல் அமர்ந்திருப்பவருக்குக்கூட உடற்சூடு ஏறத் தொடங்கிவிடும். உழைப்பவருக்கு எல்லை இன்னும் தாழ்வானது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 15ஆம் பிரிவைச் செயற்கையாக ஈரமூட்டுவதற்கென்றே ஒதுக்கியது. ஈரமூட்டும் முறைகளை வரையறுக்கவும், காற்றின் ஈரத்தை அளந்து பதிவு செய்யச் சொல்லவும், கூடத்தில் காற்றோட்டமும் குளிர்ச்சியும் போதிய அளவில் இருக்க விதிகள் செய்யவும், அந்த நீர் தூய்மையானதாக இருக்கவும் அது வழிசெய்தது. சட்டத்தின் சொற்களுக்குப் பின்னால் லங்காஷயர் நெசவாளரின் வியர்வையும் ஹால்டேனின் வியர்வையும் இருக்கின்றன. 1979இல் வெக்கையையும் ஈரத்தையும் இணைத்து 'உணரும் வெப்பம்' என்ற கணக்கை வகுத்துத் தந்த ஸ்டெட்மனும் ஜவுளி ஆய்வுத் துறையிலிருந்து வந்தவரே. புழுக்கத்தின் அறிவியல் துணியோடு இத்தனை நெருக்கமாகப் பின்னிக்கிடப்பது தற்செயல் அன்று. நூலின் பொருட்டு மனிதரைப் புழுங்கவைத்த இடத்தில்தான், மனிதர் எவ்வளவு புழுங்கலாம் என்ற கேள்வியும் எழுந்தாக வேண்டியிருந்தது.

கேட்கப்பட வேண்டிய எண்

அக்கேள்வி இன்று ஆலைச் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. காற்று ஒரு பாகை வெப்பமானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைக் கொள்ளும். ஈரக்குமிழ் வெப்பம் 35 பாகையை எட்டினால் எந்த மனிதரும் நெடுநேரம் தாங்க முடியாது என்று 2010இல் ஓர் ஆய்வு கணித்தது. 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இளம் வயதினரை நேரில் சோதித்தவர்கள், எல்லை அவ்வளவு உயரத்தில் இல்லை, 31 பாகையை ஒட்டியே இருக்கிறது என்று கண்டார்கள். 117 ஆண்டுகளுக்கு முன் ஹால்டேன் சொன்ன அதே எண். மேலே நாம் கண்ட சென்னைப் பிற்பகலில் ஈரக்குமிழ் 29 பாகையில் நிற்கும். எல்லைக்கு இரண்டு பாகையே மிச்சம். நாம் கணக்கிட்ட ஆனைமலைப் பிற்பகலில் அது 25. வெப்பமானி காட்டும் வேறுபாடு இரண்டு பாகைதான். உடல் உணரும் வேறுபாடு அதைப்போல் இருமடங்கு.

ஆயினும் வானிலைச் செய்திகளில் நாம் பெரும்பாலும் கேட்பது அதிகபட்ச வெப்பமும் ஈரப்பத விழுக்காடும்தான். வெப்பத்தின் உச்சம் பிற்பகலுக்குரியது. விழுக்காட்டின் உச்சம் விடியற்காலைக்குரியது. ஒரே நேரத்தில் இல்லாத இரண்டை அருகருகே வைத்துவிட்டு நாம் அஞ்சவோ அமைதியடையவோ செய்கிறோம். முடியும் பஞ்சும் தேயிலையும் கேட்கும் எண் நமக்குத் தரப்படுகிறது. மனித உடல் கேட்கும் எண் பட்டியலில் இல்லை. தகரக் கூரையின் கீழ் விசைத்தறி ஓட்டுபவர்க்கும், வெயிலில் தேங்காய் உரிப்பவர்க்கும், பனிநிலை என்ற அந்த ஒற்றை எண் எத்தனையோ அறிவுரைகளைவிடப் பயன்படும். 20 பாகைக்குக் கீழ் இருந்தால் வியர்வை தன் வேலையைச் செய்யும். 24ஐத் தாண்டினால் நிழலும் நீரும் மட்டும் போதா, ஓய்வும் வேண்டும்.

பனி எந்நேரத்தில் புல்லைத் தொடுகிறது என்று பார்த்துப் பருவத்திற்குப் பெயர் வைத்த சமூகத்திற்கு இது புதிய அறிவன்று. மறந்துபோன ஒரு கவனம், அவ்வளவே. அடுத்த மார்கழியில் முன்பனியைப் பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்கள், முடிந்தால் மாணவரை மாலையில் ஒருமுறை வரப்பிற்கு அழைத்துச் செல்லலாம். மாசியில் மீண்டும் ஒருமுறை, விடியலில். நூற்பாவின் பொருள் அவர்கள் காலிலேயே தட்டுப்படும்.